16 கட்டத்துக்குள் ஒரு புல்லட்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கபெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தில், கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகி வெளிவருவதைக் கண்டு வியப்பவர்கள் அநேகர். அந்தத் தொழிற்சாலைகளின் அலுவலக மேஜைகளிலும், சுற்றுவட்டாரத்து வாடகை அறைகளிலும் இரவு பகலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் கணினித் திரைகளின்மீது வரிசை பிடித்து நிற்கும் ஐகான் என்னும் சின்னஞ்சிறு சித்திரங்களை ஏறெடுத்துப் பார்ப்பவர்களோ அபூர்வம். அவற்றைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு என்பதும், அம்முறையைப் பயில்வதற்குச் சொந்தமாக ஓர் ஐகானைச் செய்து பார்ப்பதைக் காட்டிலும் சிறந்த உபாயம் வேறில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013 இல் இங்கே ஆலை திறந்ததிலிருந்து புல்லட் இவ்வூருக்கு அந்நியப் பொருள் அன்று. ஆகவே அதனையே உதாரணமாகக் கொள்வோம். டிப்ளமோ முடித்துவிட்டு ஏதோ ஓர் ஆலையில் பயிற்சியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர், தவணையில் வாங்கிய தம் வண்டியைக் கைப்பேசியில் படமெடுத்து, அப்படத்தையே தம் கணினியில் ஒரு ஃபோல்டருக்கு ஐகானாக வைக்க ஆசைப்பட்டு, கூட்டுரோட்டில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு பென் டிரைவுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் படத்தைச் சதுரமாக வெட்டி, 16 க்கு 16 என்று எண்களை இட்டு, என்டரைத் தட்டுகிறார்.

"என்னண்ணா, வண்டியையே காணோம்?"

"அதோ கறுப்பா ஒண்ணு தெரியுது பாரு, அதான் தம்பி வண்டி."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வண்டி முழுவதும் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது. சதுரமாக வெட்டிய அப்படம் 3000 க்கு 3000 புள்ளிகள் கொண்டதாயின், மொத்தம் 90 லட்சம் புள்ளிகள். அவை 256 கட்டங்களுக்குள் ஒடுங்கவேண்டுமெனில், ஒவ்வொரு கட்டத்திலும் ஏறத்தாழ 35,000 புள்ளிகள் தத்தம் நிறத்தை இழந்து, சராசரி என்ற ஒரே நிறமாகக் கரைந்தாக வேண்டும். சக்கரத்தின் கம்பிகளும், கம்பிகளுக்கிடையே தெரிந்த சுவரும், சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியும் கலந்து சாம்பல் நிறமாகின்றன. பெட்ரோல் டாங்கின்மீது விழுந்த வெயில் பளபளப்பு, அருகிலிருந்த கறுப்போடு சேர்ந்து அழுக்கு நிறமாகிறது. கணினி தன் கணக்கில் பிழை செய்யவில்லை. ஆனால் எது பிரதானம், எது விட்டுவிடத்தக்கது என்ற விவேகம் கணக்குக்குக் கிடையாது.

அந்த விவேகம் உள்ள சித்திரக்காரர் இதே வேலையை எவ்வாறு செய்வார் என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் நீண்ட உருவம் உடையது. பக்கவாட்டில் நிறுத்தினால் 16 கட்டம் அகலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது கட்டம் உயரமே வரும் என்பதால், சதுரத்தின் பாதி வீணாகக் கிடக்கும். சக்கரம் ஒவ்வொன்றுக்கும் உண்மையான விகிதப்படி ஐந்து கட்டமே கிடைக்கும். அதனை ஆறாக்கி, நடுவே சற்றே பெரிய வெற்றிடம் விட்டு, கம்பிகளை அறவே துறந்தால் சக்கரம் சக்கரமாகத் தெரியும். இதிலும் திருப்தியுறாதவர், சக்கரங்களையே தியாகம் செய்துவிட்டு, வண்டியை எதிர்முகமாக நிறுத்தி, வட்டமான பெரிய ஹெட்லைட்டையும் இருபுறம் விரிந்த ஹேண்டில்பாரையும் மாத்திரம் தீட்டுவார். 32 கட்டத்துக்கு வரும்போது பக்கவாட்டுத் தோற்றமும், டாங்கின் வளைவும், நிமிர்ந்து நிற்கும் ஒற்றை சிலிண்டரும் திரும்பக் கிடைக்கின்றன; 48 இல் சைலென்சரும், ஓரிரண்டு கம்பிகளின் சாயலும் இடம்பெறுகின்றன. அளவுக்கு ஓர் ஐகானாக இவ்வாறு தனித்தனியே வரையப்பட்டவை ஒன்றின் சுருக்கம் மற்றொன்று அல்ல. ஒரே பொருளைப் பற்றிய வெவ்வேறு தீர்மானங்கள்.

இந்த வித்தைக்கு நாம் வெகுதூரம் போய் உவமை தேடவேண்டியதில்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே சென்றால் காஞ்சிபுரம். அங்கே பட்டுப் புடவையின் புட்டாவுக்கு டிசைன் போடுபவர், கட்டம் போட்ட கிராஃப் தாளில் மயிலையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக நிரப்பி, அதனைப் பார்த்து ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்தச் செய்த பரம்பரையினர். முந்தானையில் விஸ்தாரமாக நிற்கும் மயிலை உடலில் சிறு புட்டாவாக இறக்கும்போது, அவர் தோகையின் கண்களை எண்ணிக்கையில் குறைத்து, கழுத்தைச் சற்று நீட்டி, புதிதாகவே போடுவார். பெரியதை அப்படியே சுருக்கினால் நூல் ஒத்துழைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

கணினி உலகில் இதனைக் கலையென்று நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருக்கு முன்னரே, 1981 இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் ஐகான்கள் இருந்தன. ஆயினும் 1984 இல் ஆப்பிளின் மக்கின்டாஷுக்காக, கறுப்பு வெள்ளை என்ற இரண்டே நிறங்களில், 32 க்கு 32 கட்டங்களுக்குள், புன்னகை செய்யும் கணினி முகத்தையும், திரி எரியும் வெடிகுண்டையும் அவர் வரைந்தபோதுதான் இச்சித்திரங்களுக்கு ஒரு முகபாவம் வந்தது. அவரும் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில்தான் பென்சிலால் வரைந்து பார்த்தார். பிற்பாடு விண்டோஸ் 3.0 இன் ஐகான்கள் பலவும், நம் அலுவலகங்களில் எத்தனையோ மதியப் பொழுதுகளை விழுங்கிய சாலிடேர் சீட்டுகளும் அவர் கைவண்ணமே.

இனி, செய்முறை. படத்தின் பெயருக்குப் பின்னாலுள்ள ஜேபிஜி என்பதை அழித்துவிட்டு ஐசிஓ என்று எழுதிவிட்டால் ஐகான் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டதனால் ஜாதகம் மாறிவிடாது. ஐசிஓ என்பது ஒரு படம் அன்று, பல அளவுப் படங்களைத் தன்னுள் வைத்திருக்கும் கோப்பு. திரையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கு ஏற்றதை விண்டோஸ் தானே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிக்க அக்கோப்பில் ஒவ்வொரு பைட்டே ஒதுக்கப்பட்டிருப்பதாலும், ஒரு பைட்டுக்குள் 255 க்கு மேல் எழுத முடியாது என்பதாலும், பின்னாளில் 256 அளவு தேவைப்பட்டபோது அதனைப் பூஜ்யம் என்று எழுதிச் சமாளித்தார்கள் என்பது ரசிக்கத்தக்க ஒரு சாமர்த்தியம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் 16, 32, 48, 256 ஆகிய அளவுகளை ஒவ்வொரு லேயராக வரைந்து, ஐசிஓவாக ஏற்றுமதி செய்தால் நான்கும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பிறகு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் பகுதிக்குச் சென்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஐசிஓ கோப்பை அதன்பின் இடம் மாற்றாதிருப்பது நலம்.

செய்தாயிற்று, இனிப் பார்ப்பது. டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெருத்தும் சிறுத்தும் காட்டும். அவ்வாறு உருட்டுகையில், சில ஐகான்கள் சிறுத்த மாத்திரத்தில் மங்கிக் குழம்புவதையும், சில, ஓர் உடையைக் களைந்து மற்றோர் உடை பூண்டதுபோல் கோடுகளைக் குறைத்துக்கொண்டு தெளிவாகவே நிற்பதையும் காணலாம். பின்னவற்றில்தான் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அடுத்தபடியாக ஓரங்களைக் கவனியுங்கள். வால்பேப்பரை எடுத்துவிட்டு, பின்னணியை ஒருமுறை தூய வெள்ளையாகவும் ஒருமுறை கருங்கறுப்பாகவும் வையுங்கள். ஜேபிஜி படத்துக்கு ஊடுருவித் தெரியும் தன்மை கிடையாது என்பதால், அதிலிருந்து பிறந்த ஐகான் வெள்ளைப் பெட்டிக்குள் சிறைப்பட்டுத் தோன்றும். பெட்டியை அழித்தவர்களும் அவசரக்காரர்களாயின், கறுப்புப் பின்னணியில் உருவத்தைச் சுற்றி வெளிறிய விளிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி வரும்வரை ஐகானின் ஒவ்வொரு கட்டமும் ஒன்று முழுவதும் தெரியும், அல்லது முழுவதும் மறையும். அதனால் வளைவுகள் படிக்கட்டுகளாகவே இருந்தன. எக்ஸ்பிக்குப் பிறகு 256 படிநிலைகளில் மெல்ல மறையும் வசதி கிட்டிற்று. வசதி வந்தபின் எல்லாவற்றுக்கும் நிழலும் பளபளப்பும் பூசி வைத்த சில வருஷத்து மோகத்தை நான் ரசித்தவன் அல்லேன்.

எழுத்துகளை ஐகானுக்குள் திணிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சுழி சுழியாகத் தெரியவேண்டுமானால் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டமும் அதனைச் சூழக் கறுப்புக் கட்டங்களும் வேண்டும். மூன்று சுழி 'ண' வைச் சுருக்கிக்கொண்டே போனால் சுழிகள் அடைபட்டு அது இரண்டு சுழி 'ன' வாகவோ, வெறும் மைத்துளியாகவோ ஆகிவிடும். ஓரெழுத்து போதும், அதுவும் 'ப', 'ட' போன்ற நேர்கோட்டு எழுத்துகளாயின் உத்தமம்.

கண் இவ்வாறு பழகியபின், ஒரகடத்திலிருந்து புறப்படும் எந்த லாரியின் டேஷ்போர்டும் ஒரு சித்திரசாலையாகிவிடும். சாய்ந்த கோடுகளுடன் பச்சையாக எரிவது தாழ்ந்த விளக்கு, நேர்கோடுகளுடன் நீலமாக எரிவது உயர்ந்த விளக்கு. கோடுகளின் சாய்வு ஒன்றினாலேயே வெளிச்சம் விழும் இடத்தைச் சொல்லிவிட்டார்கள். மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன் சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் குறைவு என்பது டிரைவருக்குத் தெரியும். அத்தகைய கேனைக் கையில் எடுத்து எண்ணெய் விட்ட தலைமுறை பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டது. சேமிப்பதற்கு அடையாளமாகக் கணினியில் இன்றும் நிற்கும் ஃபிளாப்பி டிஸ்க்கின் கதையும் இதுவே.

நம் இளைஞரின் புல்லட்டுக்கு இன்னும் ஒரு சிரமம் பாக்கியிருக்கிறது. ஃபோல்டருக்கு அல்லாமல் ஷார்ட்கட்டுக்கு ஐகான் வைப்பதாயின், விண்டோஸ் தன் வளைந்த அம்புக்குறியை இடப்புறத்துக் கீழ் மூலையில் கொண்டுவந்து ஒட்டிவிடும். வண்டி இடப்புறம் பார்த்து நின்றால் அம்பு முன்சக்கரத்தை விழுங்கிவிடும். ஹெட்லைட்டும் ஹேண்டில்பாரும் தாங்குவாரின்றி அந்தரத்தில் தொங்கும். ஆகவே 48 கட்டத்துப் படத்தில் வண்டி வலப்புறம் பார்த்து நிற்கட்டும். பின்சக்கரத்தின் கால்வாசியும் சைலென்சரின் நுனியும் மறைந்தாலும், பார்ப்பவருக்கு அது புல்லட்தான்.