உணவு மேசையில் இணையரின் இடம்

எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்த பின்னும் உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தால் உணவை ஒதுக்கும் நோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரைச் சூட்டிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல், 1874இல் வெளிவந்த தம் கட்டுரையில், இந்நோயாளிகளைப் பேணுவதற்கு உறவினரும் நண்பரும் பெரும்பாலும் ஏற்றவரல்லர் என்று எழுதினார். பின்னாளில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைத்து, இக்கருத்துக்கு நேர்மாறான வழியைத் திறந்தது. எனினும், மருத்துவமனையில் எடை தேறி வீடு திரும்பியோரிடையே நடத்தி 1987இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இளவயதில் தொடங்கி நெடுங்காலம் நீடிக்காத நோய்க்கே அம்முறை தெளிவான மேன்மை காட்டியது.

வயதுவந்தவரின் இணையர் பெற்றோரின் அதிகாரத்தைக் கையில் எடுக்க இயலாது. எடுப்பது தகவும் அன்று. இந்த இடைவெளியை நிரப்பவே வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சிந்தியா புலிக், டொனால்ட் பாக்கம் ஆகியோரும் உடனுழைத்தோரும், தனிநபர் சிகிச்சையோடும் உணவியல் ஆலோசனையோடும் இணைந்து நடக்கும் 'யூகேன்' என்னும் இணையர் சிகிச்சையை வகுத்தனர். உண்ணும் வேளையில் இணையர் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதையும், உடல்வெட்கம் தாம்பத்திய நெருக்கத்தை எவ்வாறு குலைக்கிறது என்பதையும் இருவரும் சேர்ந்தே பேசித் தீர்மானிப்பது இதன் மையமாகும்.

ஒளித்து வைப்பதில் வளரும் நோயிடமிருந்து அந்த மறைவிடத்தைப் பறிப்பதே இம்முறையின் பெரிய வலிமை. அடுத்த வலிமை அறிவு சார்ந்தது. 1944–45இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அதுவரை நலமாயிருந்த அவர்களும் உணவைப் பற்றியே ஓயாமல் எண்ணினர், எரிந்து விழுந்தனர், பிறரிடமிருந்து ஒதுங்கினர். இதனை அறிந்த இணையர், எதிரிலிருப்பவரின் சிடுசிடுப்பை அன்பு வற்றியதன் அடையாளமாகக் கொள்ளாமல் பட்டினியின் விளைவாகப் புரிந்துகொள்ள முடிகிறது. பல வீடுகளில் இப்புரிதல் ஒன்றே பாதிச் சண்டையைத் தணிக்கக்கூடியது.

குறைகளும் சிறியன அல்ல. 'நான் பருத்துவிட்டேனா?' என்ற கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று நாள்தோறும் கிடைக்கும் விடை அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்தாலும், கேட்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. நோயின் விதிகளுக்கு இப்படி வீட்டார் வளைந்து கொடுப்பதையே மருத்துவர் 'இணங்கிப்போதல்' என்பர். மறுபுறம், தட்டில் மிஞ்சியதைக் கணக்கிட்டுக் குளியலறைக் கதவருகே செவிசாய்த்து நிற்கும் இணையர், தாம் அறியாமலே காவலராகிவிடுகிறார். ஏற்கெனவே ஒருவர் மற்றவரை அடக்கியாளும் உறவிலோ இம்முறை அடக்குபவருக்கு மருத்துவத்தின் பெயரால் புதிய பிடியைத் தந்துவிடும் என்பதால், அத்தகைய உறவில் இதனைத் தொடங்காதிருப்பதே நேர்மை. மற்ற உறவுகளிலும் எடை பார்ப்பது, குருதியில் பொட்டாசியம் குறைகிறதா என்று சோதிப்பது, மருத்துவமனையில் சேர்க்கும் வேளையைத் தீர்மானிப்பது ஆகியவை மருத்துவக் குழுவின் கையிலேயே இருந்தாக வேண்டும். எடைக்கருவி இணையரின் கைக்கு வந்துவிட்டால், மேசையின் எதிர்ப்புறத்தில் அஞ்சாமல் நோக்கத்தக்க ஒரு முகம் நோயாளிக்கு இல்லாமற் போகிறது.