நன்னூல் வினாவிடை இலக்கணமும் ஆங்கிலத் திறன் தேர்வும்

தேர்வுத்தாளைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்ளுதல் நம் துறையில் வழக்கமன்று. செய்யுளும் உரையும் கல்வெட்டுமே நாம் ஆராயும் பொருள்கள். ஆயினும், புதுவையில் தமிழ் முதுகலை பயில்வோருள்ளும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மேற்கொள்ள விழைவோர் உளர். அவர்தம் வாழ்வின் திசையை ஒருநாளில் எழுதி முடிக்கும் ஆங்கிலத் திறன் தேர்வொன்று வகுத்துவிடுகின்றது. அத் தேர்வின் அமைப்பு எத்தகைய வாசிப்பை வேண்டுகின்றது, நம் இலக்கண மரபு பயிற்றும் வாசிப்போடு அஃது எங்கு ஒன்றி எங்கு வேறுபடுகின்றது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவகைத் தேர்வுகள்

புதுவை நகர் அயன்மொழித் தேர்வுகட்குப் புதியதன்று. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்திய அரசின்பால் வந்து, 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்புச் சட்டமுறையால் நிறைவெய்தியது. அதன் பின்னரும், 1826-இல் தோன்றிய பிரெஞ்சு லிசேயும் 1889-இல் தோன்றிய அலியான்ஸ் பிரான்சேஸும் இங்கு நிலைபெற்று வருகின்றன. ஆதலின் பிரெஞ்சு மொழிக்குரிய டெல்ஃப் தேர்வு இவ்வூரார் நன்கறிந்தது. அதனை எழுதுவோர் தமக்கேற்ற படிநிலையைத் தாமே தெரிந்துகொள்வர். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கிற்கும் தனித்தனி 25 மதிப்பெண் உண்டு. நூற்றுக்கு 50 பெற்றோர் தேறியோராவர். ஒரு பகுதியில் 5-க்குக் குறைந்தாலும் தேர்ச்சி இல்லை. பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

ஆங்கிலத்திற்குரிய ஐயெல்ட்ஸ் வேறு நெறியினது. 1980-இல் தோன்றிய முன்னைத் தேர்வொன்றின் வழிவந்து, 1989-இல் இப்பெயரோடு நடைமுறைக்கு வந்தது. இதன்கண் தேர்ச்சி, தோல்வி என்னும் பாகுபாடு இல்லை. 9 வரை செல்லும் அளவுகோலில், அரைப்புள்ளி வேறுபாடும் தோன்ற, ஒருவர் நிற்கும் இடத்தைச் சுட்டுவதே இதன் பணி. வேண்டிய எல்லையை அந்தந்தப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்ளும். பெற்ற புள்ளி பொதுவாக ஈராண்டுக்கே ஏற்கப்படும். கேட்டற்பகுதியில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒருமுறையே ஒலிக்கும். படித்தற்பகுதியில் 60 நிமிடத்தில் 40 வினாக்கள். எழுதற்பகுதியில் 60 நிமிடத்தில் இரு கட்டுரைகள். ஒன்று 150 சொற்களுக்கும் மற்றொன்று 250 சொற்களுக்கும் குறைதலாகாது. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நிகழும்.

இவ்வமைப்பு மொழியின் இயல்பிலிருந்து தானே தோன்றியதன்று. காலந்தோறும் கருத்து மாறியதற்கேற்ப வகுக்கப்பட்டது. 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வு ஏறத்தாழ 12 மணி நேரம் நிகழ்ந்தது. அதில் இலக்கியமும் இலக்கணமும் ஒலியியலும் இருந்தன. பிரெஞ்சு அல்லது செருமன் மொழிபெயர்ப்பும் இருந்தது. முதலாண்டில் எழுதியவர் மூவரே, மூவரும் தேறிலர். இன்றைய ஐயெல்ட்ஸ் தேர்வில் மொழிபெயர்ப்பும் இல்லை, இலக்கியமும் இல்லை. எனவே, ஒரு தேர்வின் அமைப்பு மொழியறிவு யாது என்பது பற்றி அதனை வகுத்தோர் கொண்ட கொள்கையே என்பது தேற்றம். கொள்கையெனின் அது திறனாய்வுக்குரியதேயாம்.

2. வினாவும் விடையும்

பவணந்தியார் நன்னூற் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துள்ளார். தான் அறிந்த பொருளையே பிறனது அறிவை அளத்தற்பொருட்டு வினவுதல் அறிவினா எனப்படும். தேர்வு வினா அனைத்தும் இவ்வகையினவே என்பது வெளிப்படை.

விடையிற் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்வன் இறை, அஃதாவது நேரே இறுத்தல். ஏனைய ஐந்தும் நேரே விடையாகாது, விடையைக் குறிப்பாற் பயப்பன. “இன்று நூலகம் வருவையோ” என்றாற்குக் “காய்ச்சல் கண்டது” என்று உரைப்பின், அஃது உற்றதுரைத்தல். வாரேன் என்பது குறிப்பாற் பெறப்படும். நம் அன்றாட உரையாடலும் அகப்பாடல்களின் கூற்றும் இக்குறிப்பு விடைகளாற் சிறப்பன.

ஐயெல்ட்ஸ் படித்தற்பகுதியின் வினாக்களை இவ்விலக்கணத்தோடு பொருத்திக் காண்க. இன்ன செய்தி எப்பத்தியில் உளது என்று வினவுவது சுட்டு விடையை வேண்டுவது. ஒரு கூற்றினைத் தந்து, பனுவலோடு ஒத்தால் மெய் என்றும் முரணினாற் பொய் என்றும் குறிக்கச் சொல்வது முறையே நேர் விடையையும் மறை விடையையும் வேண்டுவது. இதுகாறும் நன்னூல் நமக்குத் துணை நிற்கின்றது. ஆயின் அவ்வினாவகையில் மெய், பொய் என்பனவற்றோடு ‘கூறப்படவில்லை’ என்னும் மூன்றாவது விடையும் உண்டு. நன்னூலார் கூறிய எட்டனுள் இதற்கு இடமில்லை.

இடமின்மைக்குக் காரணம் உண்டு. நன்னூல் கூறும் விடை, ஒருவன் வினவ எதிர்நின்ற மற்றொருவன் இறுப்பது. ‘கூறப்படவில்லை’ என்பதோ பனுவலின் மௌனத்தை அளந்து கூறுவது. நம் மாணவர் இடறும் இடமும் இதுவே.

3. கூறாமை

புதுவைக் கடற்கரையை வைத்தே ஓர் எடுத்துக்காட்டு அமைப்போம். “புதுவையின் பழைய கலங்கரை விளக்கம் 1836-இல் முதன்முதல் ஏற்றப்பட்டது. 1979-இல் அதன் பணி முடிவுற்றது. வேறொரு விளக்கம் அப்பணியை ஏற்றது.” இதுவே பனுவல் என்க. இனிக் கூற்றுகள் மூன்று. பழைய விளக்கம் 19-ஆம் நூற்றாண்டில் ஏற்றப்பட்டது என்பது மெய். அது 1990-இலும் பணி செய்தது என்பது பொய். புதிய விளக்கம் பழையதினும் உயரமானது என்பது யாது?

புதுவை மாணவர் தயக்கமின்றி மெய் என்பர். நாள்தோறும் கடற்கரையில் உலவுவோர் இரண்டையும் கண்ணாற் கண்டவராயிற்றே. ஆனால் தேர்வுக்குரிய விடை ‘கூறப்படவில்லை’ என்பதே. உயரத்தைப் பற்றிப் பனுவல் ஒன்றும் கூறிற்றிலது. உலகில் மெய்யாதல் வேறு. பனுவலில் மெய்யாதல் வேறு.

யான் பயிற்றிய மாணவருள் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் பொருள் விளங்கப் படித்தோரும் இவ்வினாவகையிற் புள்ளி இழந்தனர். அவர்பாற் குறைந்தது மொழியறிவன்று. சொன்னதைக் கொண்டு சொல்லாததை உய்த்துணர்தலே நல்ல வாசிப்பு என்று நாமே அவர்க்குப் பயிற்றியுள்ளோம். எச்சமும் இறைச்சியும் உள்ளுறையும் தேர்ந்த மாணவர், பனுவலின் இடைவெளியைக் கண்டவுடன் நிரப்பவே முயல்வர். இத்தேர்வோ இடைவெளியை இடைவெளியாகவே விடுக என்கின்றது.

4. எழுதற்பகுதியும் நூற்குற்றங்களும்

எழுதற்பகுதியில் இம்முரண் இல்லை. அங்கு மதிப்பிடும் அளவைகள் நான்கு: வினவியதற்கு விடையிறுத்தல், கருத்துத் தொடர்பும் இயைபும், சொல்வளம், இலக்கண வகையும் வழுவின்மையும். நான்கும் ஒத்த மதிப்புடையன. இவற்றைப் புதியனவாகக் கருதி மாணவர் அஞ்சுகின்றனர். நன்னூற் பாயிரம் தொகுத்த பத்துக் குற்றங்களை நினைவு கூர்ந்தால் அச்சம் நீங்கும். வினவியதை விட்டு வேறு பொருளை விரித்தல் ‘மற்றொன்று விரித்தல்’. தொடக்கத்தில் உடன்பட்டு முடிவில் மறுத்தல் ‘மாறுகொளக் கூறல்’. ஒரே கருத்தைச் சொல் மாற்றி மும்முறை எழுதுதல் ‘கூறியது கூறல்’. சிறப்பாகத் தொடங்கி வரவரப் பொருள் மெலிதல் ‘சென்று தேய்ந்திறுதல்’. 250 சொல்லுக்குக் குறைதல் ‘குன்றக் கூறல்’ என்பதன்பாற் படும். கேட்டற்பகுதியில் இரு சொல்லுக்கு மேற்படாது எழுதுக என்றவழி மூன்று சொல் எழுதி மதிப்பெண் இழத்தல் ‘மிகைபடக் கூறல்’ என்பதன் பயனாம். ஆகவே, தமிழ் மாணவர் இவ்விலக்கணத்தை முன்னரே கற்றுளர். கற்றோம் என்பதையே அறியாதிருக்கின்றனர்.

வினா அமைப்பைப் பயிற்றுதல் குறுக்குவழி என்று இகழ்வாரும் உளர். மனப்பாடக் கட்டுரைகளை விற்கும் பயிற்சி நிலையங்களைக் கருதின் அவ்விகழ்ச்சி பொருந்தும். ஆயினும் யாப்பறிதல் வேறு, பிறர் பாடலைத் தன் பாடலென ஒப்பித்தல் வேறு. யாப்பறிந்ததனால் மட்டும் ஒருவன் புலவனாகான். யாப்பறியாதானது புலமையோ வெளிப்பட வழியில்லை.

5. தேர்வின் குறை

தேர்வின்பாலும் குறையுண்டு. கலங்கரை விளக்கத்தைக் கண்ணாற் கண்டமையால் மெய் எனக் குறித்தவரும், ஒன்றும் விளங்காது குறித்தவரும் அங்கு ஒரே சுழியம் பெறுவர். பிழை எதனால் நேர்ந்தது என்பதை விடைத்தாள் காட்டாது. டெல்ஃப் தேர்வில் மெய், பொய் எனக் குறித்தபின் பனுவலின் சொல்லையே சான்றாக எடுத்தெழுதச் சொல்லும் முறை முன்பு இருந்தது. உரையாசிரியர் மேற்கோள் காட்டும் நெறிக்கு அஃது அணுக்கமானது. 2020-இல் தொடங்கிய மாற்றத்தில் அதுவும் கைவிடப்பட்டது. திருத்துவோர்க்கு எளிமை வாய்த்தது. வாசித்தவன் மனம் மறைந்தது. ஒருவர் பெற்ற புள்ளியை அவர்தம் அறிவின் முழு அளவாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதுவே போதிய காரணமாம்.

6. நமக்குரிய பாடம்

எனினும் ‘கூறப்படவில்லை’ என்னும் விடை அயன்மொழித் தேர்வோடு ஒழியுமோ? ஒரு வினா எழுப்புவேன். பாரி மகளிரின் பெயர் அங்கவை, சங்கவை என்று புறநானூறு கூறுகின்றது: மெய்யா, பொய்யா, கூறப்படவில்லையா? நம் ஆய்வேடுகள் சிலவற்றைப் புரட்டின் மெய் என்றே விடை கிடைக்கும். ஆயின் புறநானூற்றுப் பாடல்களில் அப்பெயர்கள் இல்லை. அவை பிற்கால மரபு தந்தவை. மரபு பொய் என்பது என் கருத்தன்று. பாடல் கூறுவது எது, அடிக்குறிப்புக் கூறுவது எது, பிற்காலக் கதை கூறுவது எது, நாம் உய்த்துணர்ந்தது எது எனப் பிரித்துக் காட்டாமையே குற்றம்.

ஆதலின் முதுகலை வகுப்பிற் பொதுவியல் நடத்துங்கால் இம்மூவகை விடையையும் உடன்வைத்துப் பயிற்றுதல் நன்று. ஒரு பத்தியைத் தந்து, பனுவல் கூறியது, யான் முன்னறிந்தது, யான் உய்த்துணர்ந்தது என மூன்று நிரல்களில் எழுதச் செய்யின், தேர்வுக்குச் செல்வார் தேர்வில் இடறார். ஆய்வுக்குச் செல்வார் ஆய்வில் இடறார். உய்த்துணர்தல் நம் மரபின் பெருஞ்செல்வம். அதனை இழத்தல் வேண்டா. எங்குத் தொடங்கி உய்த்துணர்கின்றோம் என்பதை அறிந்து செய்தலே வேண்டும். பனுவல் வாய்மூடிய இடத்தை அறிந்தவனே அதன் குறிப்பையும் ஐயமறக் கேட்க வல்லவன்.