மாரியம்மா எதில் ஜெயித்தாள்?

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. வடசென்னையின் குத்துச்சண்டைக் கதையை நாங்கள் விசில் சத்தத்துக்கு நடுவே பார்க்கவில்லை. ராயபுரத்து வீட்டில் உலையை வைத்துவிட்டு, அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம்.

அம்மா எம்.ஜி.ஆர். ரசிகை. படம் தி.மு.க.வின் பக்கம் நிற்பது தெரிந்ததுமே முகம் சுளித்தாள். 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டதையொட்டி, சண்டை நடக்கும் இடத்திலேயே ரங்கன் வாத்தியாரைப் போலீஸ் கைது செய்யும் காட்சி வந்தது. பசுபதியின் முகத்தைப் பார்த்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கட்சி எதுவா இருந்தா இன்னா, பெரிய மனுசன இப்டியா இட்டுக்கினு போறது?”

அதே நாட்களில், ராயபுரம் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் டி. ஜெயக்குமார், படம் எம்.ஜி.ஆரைத் தவறாகக் காட்டுகிறது, தி.மு.க.வுக்குப் பிரசாரம் செய்கிறது என்று கண்டித்தார். வசனம் சொல்லும் தகவலுக்கு மறுப்பு அறிக்கை எழுதலாம். பசுபதியின் முகத்துக்கு என்ன மறுப்பு எழுதுவது? நல்ல நடிப்பு வாதம் செய்வதில்லை. ஆனாலும் வாதம் செய்ய வேண்டிய வேலையை அது முடித்துவிடுகிறது. அம்மாவின் பல வருடக் கட்சிப் பற்றே சில நிமிடம் ஒதுங்கி நின்றது என்றால், படத்தின் அரசியலோடு ஏற்கெனவே உடன்பட்டிருந்த என் கதி என்ன?

நானும் அப்படித்தான் அகப்பட்டேன். சாதியால் ஒதுக்கப்பட்டவன் நீல அங்கி அணிந்து மேடை ஏறுவதைக் காண நான் காத்திருந்தேன். அம்மாவைப் பசுபதி அசைத்தார் என்றால் என்னை அசைத்தவர் மாரியம்மாவாக வந்த துஷாரா விஜயன். கல்யாணத்தன்று கூச்சமில்லாமல் ஆடுகிறாள். புருஷனிடம் கத்துகிறாள். தன் ஆசையை ஒளிக்காமல் காட்டுகிறாள். தமிழ் சினிமா நமக்குக் கொடுத்த அடக்கமான மனைவிகளுக்குப் பிறகு அது பெரிய ஆறுதல். மறுவாரம் வகுப்பில் அதைப் பெண்ணியப் படம் என்றே சொல்லிவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். “மேம், கபிலன் ஜெயிச்சாரு. மாரியம்மா எதுல ஜெயிச்சா?”

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய், பெண்கள் வரும் காட்சிகளை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். மாரியம்மாவின் கோபம், அழுகை, காதல் எல்லாமே கபிலனை நோக்கியவை. அவன் சாராயத்தில் விழும்போது அவள் உடைகிறாள். அவன் எழும்போது அவளும் தேறுகிறாள். குத்துச்சண்டையே கூடாது என்று மகனை அடித்த பாக்கியம் கடைசியில் அவளே மகனைச் சண்டைக்கு அனுப்புகிறாள். அனுபமா குமார் அந்த மனமாற்றத்தை நம்பும்படி நடித்திருக்கிறார். ஆனால் ரத்தத்துக்குப் பயந்த அந்தத் தாயின் நியாயத்துக்குக் கதையில் அதற்குமேல் இடமில்லை. துஷாராவும் அனுபமாவும் உடலாலும் குரலாலும் சம்பாதித்ததை நான் திரைக்கதையின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்.

2018இல் வந்த வெற்றிமாறனின் ‘வடசென்னை’யிலும் இதே சிக்கல்தான். ஆண்ட்ரியாவின் சந்திரா, கணவனைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் பல வருடம் பொறுமையோடு காய் நகர்த்துகிறாள். படத்தின் கூர்மையான மூளை அவளுடையது. அந்த மூளையும் இறந்த கணவனுக்காகவே வேலை செய்கிறது. மீனவர் நிலம் பறிபோவதைப் பற்றிய படம் அது. அந்த நிலம் அவளுக்கு என்னவாக இருந்தது என்று அவள் வாயால் நாம் கேட்பதில்லை. நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரன். அந்தப் பலகையைச் சுற்றியிருப்பது ஆண்களின் உலகம். ஆனால் கேரமில் உலகச் சாம்பியனான இளவழகி இதே வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் பலகையின் முன்னால் பெண்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். கதை எழுதியவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இதைச் சொன்னால், “நம்ம ஆளுங்க எடுத்த படத்த நீங்களே குறை சொல்லலாமா?” என்று கேட்கிறார்கள். வடசென்னை என்றாலே ரவுடி என்று காட்டிய சினிமாவுக்கு நடுவில் இந்தப் படங்களின் அருமை எனக்குத் தெரியும். எதிரியின் படத்தைச் சந்தேகிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம்முடைய படத்தின் முன்னால்தான் கேள்விகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். ‘முதலில் சாதி தீரட்டும், கட்சி ஜெயிக்கட்டும், பெண்கள் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம்’ என்று இயக்கங்களில் நம்மிடம் சொல்லப்பட்டதை, நல்ல நடிப்பு சொல்லாமலே ஒப்புக்கொள்ள வைக்கிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்துவிடுகிறோம்.

அழக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் இப்போதும் அந்தக் காட்சிகளில் அழுகிறேன். அழுது முடித்த பிறகு, அழவைத்தவர் யார், அந்த அழுகை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பயிற்சி தருகிறேன்: பீடி ராயப்பனிடம் கபிலன் பயிற்சி எடுத்த நாட்களில் மாரியம்மா என்ன செய்திருப்பாள், ஒரு பக்கம் எழுதுங்கள். ஒருத்தி அவளைக் காசிமேட்டு ஏலத்தில் கூடையோடு நிறுத்தினாள். இன்னொருத்தி அவளைக் கடன்காரனிடம் பேச வைத்தாள். அந்தத் திருவொற்றியூர் மாணவி எழுதியது: “கபிலன் தூங்கினப்புறம் மாரியம்மா அவன் கிளவுஸ எடுத்துத் தன் கையில மாட்டிப் பாத்தா. அளவு சரியா இருந்துச்சு.”