கானல்வரியும் தில்லானாவும்

திரைப்படப் பாடல்கள் கதையோட்டத்திற்குத் தடை என்று குறைகூறும் அன்பர்கள் நம் நடுவே உளர். அவர்கள் 1968-இல் வெளிவந்த ஏ. பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை மீண்டும் ஒருமுறை காண வேண்டுகிறோம். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையே அப்படத்திற்கு மூலம்.

நாகசுரக் கலைஞன் சண்முகசுந்தரமும் ஆடல்மகள் மோகனாவும் நேர்நின்று பேசினால் பூசலே விளைகிறது. அவன் செருக்கன், அவளும் தாழ்பவள் அல்லள். தாய் வடிவாம்பாளோ மகளுக்குச் செல்வர் துணையை நாடுகிறாள். வாய்திறந்து உரைக்க வழியில்லை. ஆதலின் ஊர் கூடிய மேடையே அவர்கட்குத் தனியிடமாகிறது.

தூண்மறைவில் நின்று அவள் ஆடலைக் காண்கிறான் அவன். அதனை அறிந்தவள், இறைவனை அழைப்பதாக அவையோர் கருதுமாறு, அவனையே அழைக்கிறாள். முருகன் பெயரே அவனுக்கும் பெயர். அதற்குச் சண்முகப்பிரியா இராகத்தைத் தேர்ந்தது, நாகர்கோவில் தந்த கே. வி. மகாதேவனின் நுட்பம்.

இதனினும் உயர்ந்தது, காயமுற்ற அவனை அவள் பாட்டால் நலம் வினவும் இடம். விடை நாகசுரத்திலே வருகிறது. கண்ணதாசனின் சொற்கள் இங்கே மிக எளியவை. நம் முந்தையோர் ஊருக்கு எழுதிய மடல்களின் முதல் வரி போன்றவை. பிழைப்பு நாடி இவ்வூர் வந்த குடும்பங்கட்கு அவ்வரியின் பாரம் தெரியும்.

குரல் பி. சுசீலாவுடையது, நாகசுரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி கன்னத்தாலும் மூச்சாலும் அதனைத் தமதாக்கிக்கொண்டார். ஆடும் கால்களோ பத்மினியுடையவையே. 1932-இல் நம் திருவனந்தபுரத்தில் பிறந்து, குரு கோபிநாத்திடம் பயின்றவர் அவர். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழ்மகளின் வாய்விடாத் துயரை விழியால் மொழிந்தார். தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைகளும் அக்காட்சியில் கண்கலங்குகின்றனர், உரை கேட்பதில்லை.

சேரநாட்டு இளங்கோவடிகள் இவ்வுத்தியை என்றோ கையாண்டார். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ்மீட்டிப் பாட, அவன் நெஞ்சம் வேறொருத்திபால் உளதென எண்ணினாள் மாதவி. அவளும் அவ்வாறே பாட, அவன் பிரிந்தான். மாதவியின் நெஞ்சில் வேறொருவன் இல்லை என்பதே அங்குள்ள அவலம். கோவலன் பாட்டின் பொருளை மட்டுமே கேட்டான். சண்முகசுந்தரம் கலைஞன், சொல்லுக்கு அடியில் ஓடும் நடுக்கத்தையும் கேட்கிறான். அதனால் அங்கே பிரித்த பாட்டு இங்கே சேர்க்கிறது.

படத்தில் குறையில்லாமல் இல்லை. வைத்தியின் சூழ்ச்சிகள் பிற்பகுதியில் அளவுக்கு மிஞ்சி நீள்கின்றன. நாகேஷின் நடிப்பைச் சுவைக்கிறோம். எனினும் நம் செவி அந்த நாகசுரத்தையே தேடிக்கொண்டிருக்கிறது.