மௌன ராகம்: ஓராண்டுக் காத்திருப்பு

மௌன ராகம், மணிரத்னம் எழுதி இயக்கி 1986இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ரேவதி, மோகன், கார்த்திக், வி. கே. ராமசாமி ஆகியோர் நடித்துள்ளனர். இசை இளையராஜா, ஒளிப்பதிவு பி. சி. ஸ்ரீராம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

தந்தைக்கு மாரடைப்பு வந்ததால், விருப்பமின்றிச் சந்திரகுமாரை மணக்கிறாள் திவ்யா. தில்லிக்குச் சென்றதும், என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். ஆனால், மணமாகி ஓராண்டு ஆகாமல் மனு கொடுக்க முடியாது. இது கதைக்காகக் கற்பனை செய்த தடை அன்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 14ஆம் பிரிவு சொல்வதே இது. மூன்றாண்டாக இருந்த இக்காலம் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஓராண்டாகக் குறைந்தது. இந்த இடைவெளியில்தான் படம் நடக்கிறது.

இறந்துபோன காதலன் மனோகர் வரும் பகுதியைத்தான் ரசிகர்கள் அதிகம் பேசுவார்கள். படத்தின் உயிர் அங்கில்லை. தாலி கட்டியதை உரிமையாகக் கொள்ளாத கணவனிடம் இருக்கிறது. சர்தார்ஜிக்குத் தமிழ் வசவு கற்றுக்கொடுத்துக் கணவனின் மேலதிகாரியை வம்புக்கிழுக்கும் நகைச்சுவையும் வீணானதல்ல. திருமணத்துக்கு முன்பிருந்த குறும்புக்காரி இன்னும் உள்ளே இருக்கிறாள் என்பதை அது காட்டிவிடுகிறது.

குறையும் உண்டு. கணவனிடம் பிழையே இல்லாததால், மாற வேண்டியவள் திவ்யா மட்டுமே என்றாகிறது. மனோகர் இறந்துவிட்டதால் அவள் தேர்வும் எளிதாகிறது. அவன் உயிரோடிருந்தால் கதை இப்படி முடிந்திருக்குமா? அவளைக் கட்டாயப்படுத்திய பெற்றோரைப் படம் கடைசிவரை கேள்வி கேட்கவில்லை.

இதற்கு ஐந்தாண்டு முன்பே மணமுறிவை நகைச்சுவை கலந்து சொன்ன படம் மௌன கீதங்கள் (1981). கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜ், சரிதாவுடன் நடித்து இயக்கினார். அதில் தவறியவன் கணவன். மணமுறிவுக்குப் பிறகு மனைவியின் மனத்தை மீண்டும் பெற அவனே பாடுபட வேண்டும். அந்த வகையில் அது கூடுதல் நியாயமான கதை. மௌன ராகம் கூடுதல் நுட்பமான படம். மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

இறுதியில் ரயிலில் திவ்யா விவாகரத்துப் பத்திரத்தைக் கிழிக்கிறாள். திருமணத்தன்று யாரும் மதிக்காத அவள் சம்மதம், அப்போதுதான் அவள் கையால் கிடைக்கிறது.