வெள்ளை யானையும் விண்கலமும்

திருநாவலூரில் பிறந்த சுந்தரர், திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றார் என்கிறது பெரியபுராணம். பழங்கதைகளை வேற்றுக்கிரகத்தார் வருகையின் பதிவாகக் கொண்டு எரிக் வான் டேனிக்கன் 1968-இல் பரப்பிய முறையில் வாசித்தால், அந்த யானை ஒரு விண்கலம். 1976-இல் எழுத்தாளர் சிட்சின் இன்னும் ஒரு படி மேலே போனார்: வேற்றுக்கிரகத்தார் தங்கள் மரபணுவைக் கலந்தே மனிதனைப் படைத்தார்கள் என்றார்.

முதலில் வாசிப்பு முறை. அதே புராணத்தில் சுந்தரரின் தோழர் சேரமான் பெருமாள் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதுகிறார். குதிரை வானில் பாய்ந்து யானையைத் தொடர்கிறது. அப்படியானால் குதிரையும் ஒரு கலமா? ஐந்தெழுத்து என்ன எரிபொருள்? புராணம் பாடிய சேக்கிழார் சொல்லும் காரணம் பக்தி. இந்தக் கோட்பாட்டாரோ அதைத் தள்ளிவிட்டு வானத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு அவர்களிடம் விதியே இல்லை. அதனால் எந்தக் கதையும் அவர்களுக்குச் சான்றாகிறது, எதுவும் எதிர்ச்சான்றாவதில்லை. இந்தக் கோட்பாட்டின் ஆகப்பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்தது கல். அந்தக் காலத்து மனிதனால் இவ்வளவு பெரிய கட்டுமானம் முடியுமா என்று கேட்கிறார்கள். திருநாவலூர்க் கோயில் சுவரே பதில் சொல்லும். திருத்தொண்டீசுவரம் என்ற இந்தக் கோயிலைக் கற்றளியாக்கியவன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன். 949-இல் தக்கோலப் போரில் யானை மேலேயே மாண்டவன். அவன் பரிவாரத்தார் விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த கணக்குகூடக் கல்வெட்டில் இருக்கிறது. செய்தவன் பெயரே சுவரில் இருக்கும்போது, அதை அழித்து வேறு யாருக்கோ எழுதிக்கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மனிதத் தோற்றத்துக்கு வருவோம். மனிதக் குரங்குகளுக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. இந்த வித்தியாசத்தை அயலார் கைவேலை என்று காட்டுகிறார்கள். ஆனால் நம் இரண்டாவது குரோமோசோமை நுணுகிப் பார்த்தால், நுனியில் இருக்க வேண்டிய தொடர்கள் நடுவில் சிதைந்து கிடக்கின்றன. செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியின் எச்சமும் தெரிகிறது. நம் மூதாதையின் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிய தழும்பு அது. வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகளோ ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை. நம் இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கல் செதுக்கும் கைகள் இருந்தன.

பூமிக்கு அயலார் எப்போதோ வந்திருக்கலாம் என்ற கேள்வி மட்டும் தகாததல்ல. 1966-இல் வானியலாளர்கள் கார்ல் சேகனும் ஷ்க்லோவ்ஸ்கியும் அதை எடுத்துப் பேசினார்கள். ஆனால் பழங்கதை மட்டும் போதாது என்பதில் சேகன் கறாராக இருந்தார். ஆகவே என் தீர்ப்பு: கேள்வி நிற்கலாம், கோட்பாடு நிற்காது. சூரியக் குடும்பத்தில் காணாத ஐசோடோப்பு விகிதம் கொண்ட ஓர் உலோகத் துண்டு, யாரும் கலைக்காத மண்ணடுக்கில் கிடைத்தால் வழக்கை மறுபடி எடுக்கலாம். நம் மண்ணில் இதுவரை கிடைத்தவையோ வேறு. கல்வராயன் மலையில் கல்திட்டைகள் இருக்கின்றன. மக்கள் வழக்கில் அவை குள்ளர் குகைகள். தமிழ்நாட்டில் இத்தகைய ஈமச்சின்னங்களைத் தோண்டியபோது கிடைத்தவை கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், மனித எலும்புகள்.