சந்தைச் செய்தியும் வகுப்பறைப் பாடமும்

சமூக ஊடகங்களும் மேகக் கணிமையும் வணிகத்துக்கும் கல்விக்கும் ஒருங்கே உதவுவன என்பது இன்று பெரும்பாலோர் கொள்கை. வணிகனுக்குப் பயன்பட்ட கருவி ஆசிரியனுக்கும் அவ்வாறே பயன்படும் என்பது அதன் உட்கிடை. அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையோரத்தையும் களமாகக் கொண்டு ஆராய்தல் தகும்.

முதற்கண் வணிகம். மாந்தைத் துறைமுகம் சிறந்திருந்த நாள் தொட்டு, அரிப்புக் கரையில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலம் ஈறாக, இக்கரையின் வாணிகம் செய்தியை நம்பியே வாழ்ந்தது. இன்று பேசாலையிலும் வங்காலையிலும் கரைசேரும் மீனின் விலையும் தொலைவிலுள்ள சந்தைகளின் அன்றைய நிலையைப் பொறுத்ததே. அந்நிலையைக் கரையில் நிற்பவன் அறியாவிடின், வாங்குவோன் சொன்னதே விலையாகும்.

இதற்குச் சான்று கேரளக் கரையில் உண்டு. 1997 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், வடகரையில் 11 மீனவர் வாங்குவாரின்றித் தாம் பிடித்த சாளையைக் கொட்டினர். அன்றே 15 கிலோமீற்றர் எல்லைக்குள் 27 வணிகர் மீனின்றி நின்றனர். கைபேசி பரவிய பின்னர் அவ்விழப்பு ஒழிந்தது. மீனவர் ஆதாயம் 8 சதவீதம் உயர, வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. பொருளியலறிஞர் ரொபர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டும். விலைச்செய்தி அன்று பிறந்து அன்றே இறப்பது. விரைவே அதன் உயிர். ஆதலின் படத்தையும் விலையையும் நொடியில் அனுப்பும் வாட்ஸ்அப் குழு வணிகத்துக்கு இயைந்த கருவி என்பதில் ஐயமில்லை.

பாடத்தின் இயல்போ வேறு. நேற்றைய பாடத்தின்மேல் இன்றைய பாடம் எழுதல் வேண்டும். 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் அக்குழுவையே வகுப்பறை ஆக்கினர். அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும் கருவியின் குறையை மறைத்தல் ஆகாது. காலையில் அனுப்பிய கணிதப் பாடம் மாலைக்குள் வாழ்த்துக்களாலும் அறிவித்தல்களாலும் மூடப்படும். மறுவாரம் அதனைத் தேடும் மாணவன் இளைத்துப்போவான். வகுப்பறையில் விளங்காத முகத்தை ஆசிரியர் கண்டுகொள்வார். குழுவிலோ விளங்கியவன் மௌனமும் விளங்காதவன் மௌனமும் ஒன்றே. மேலும், வீட்டிலுள்ள ஒரே கைபேசி தந்தையோடு கடலுக்குச் சென்றுவிடின், பிள்ளையின் வகுப்பும் உடன் சென்றுவிடுகின்றது. ஒருங்கே உதவும் எனப்பட்ட கருவிக்கு வணிகமும் கல்வியும் போட்டியிடும் நிலை அங்குத் தோன்றுகின்றது.

மேகக் கணிமை இக்குறையை ஓரளவு நீக்கும். அது பாடத்தை வரிசைப்படுத்திச் சேமித்து, வேண்டும்போது தருவது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவத் தளம் மும்மொழியிலும் பாடங்களைத் தருகின்றது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்க வைத்துள்ளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்த சமூகத்துக்கு அச்சேமிப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் மேகம் என்பது வானில் இல்லை. பிறர் நிலத்தில், பிறர் ஆணையில் இயங்கும் கணினியே அது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரல் 3 ஆம் நாளிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் அரச ஆணையால் முடக்கப்பட்டன. 2022 இல் மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. இவற்றையே முற்றும் நம்பிய வகுப்பு அந்நாட்களில் என்னாகும் என்பது எண்ணத்தக்கது.

ஆகவே, கருவியை அதன் விரைவால் மட்டும் மதித்தல் சந்தையின் அளவுகோலாகும். வகுப்பு நேரத்தை அறிவிக்கக் குழு போதும். பாடத்தைக் காக்கச் சேமிப்பகம் வேண்டும். அச்சேமிப்பின் படி ஒன்று பாடசாலைக் கணினியிலும் அச்சுத்தாளிலும் இருத்தல் வேண்டும். கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி கிட்டுதல் வேண்டும். விளங்காததைக் கேட்டற்கோ ஆசிரியர் முகமே வேண்டும். விற்ற மீனின் விலையை நாளை மறந்தாலும் இழப்பில்லை. கற்ற பாடத்தை மறந்தால் இழப்பு வாழ்நாள் முழுவதுக்குமாம்.